பவதாரணி பூட்டி வைத்த குறிப்பு

என் மனைவி பவதாரணி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு பதில் வைத்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு, ‘கொம்பனியில் கொம்பியூட்டர் வேலை.’ தீவுக்குப் போகிற லோஞ்சுப் படகு தாமதமாகி, என் ஓட்டோவுக்குள் இருந்து கதை கேட்க நேரமுள்ளவர்களுக்கு, ‘ஆருக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று தீர்மானிக்கிற வேலை.’ இரண்டாவது பதிலைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு அவளைக் கண்டால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள்.

கொம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. முன்பு தெற்கே கடை வைத்திருந்த எங்கள் தீவுக் குடும்பம் ஒன்று இப்போது கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து அதை நடத்துகிறது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கூடம் மட்டும் எங்கள் ஊர் மடத்துவெளியில். ஒப்பந்தம், விலை விபரம், சம்பளம், பரிசோதனை அறிக்கை எதுவும் இப்போது அலுமாரியில் இல்லை. கிளவுட் என்று சொல்கிறார்கள். இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஓர் இடம். அங்கே எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் பார்த்துவிட்டு மட்டும் போகலாம், யார் வெளியாருக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் பவதாரணியின் கையில். ரொறன்ரோவில் இருக்கும் பெரிய முதலாளிக்கும் அவள் திறந்துவிட்டால்தான் திறக்கும். எங்கள் வீட்டு நடு அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, மின்சாரம் நின்றால் தாங்க ஒரு பெரிய பற்றரி. அவளுடைய அலுவலகம் அவ்வளவுதான்.

நானோ குறிகட்டுவான் இறங்குதுறையில் ஓட்டோ ஓடுபவன். நயினாதீவால் வருபவர்களும் நெடுந்தீவால் வருபவர்களும் யாழ்ப்பாணத்து பஸ்ஸில் வந்து இறங்குபவர்களும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் கோபித்துக்கொண்டு திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியாமல் இராது. யாராவது பெண் பார்க்கப் புறப்பட்டாலே எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். இப்படிப்பட்ட எனக்கு இப்படிப்பட்ட மனைவி. எங்களுக்குப் பொருத்தம் பார்த்த சாத்திரியார் இன்றைக்கும் என் ஓட்டோவில் ஏறுவதில்லை.

அவள் கொழும்பில் வேலை பழகிவிட்டு இங்கே வந்த புதிதில் பொதியிடும் கூடம் முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்ட். அம்மன் பெயரும் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். அதை மாற்றி, ஆளுக்கொன்று கொடுத்தாள். அடுத்த நாள் போய்ப் பார்த்தால், ஒருவருக்கொருவர் உதவியாக இருக்கட்டுமென்று எல்லாருடையதையும் கதவுக்குப் பின்னால் சோக்கால் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் வேலியில் பக்கத்து வீட்டார் வந்துபோக ஒரு பொட்டு விடுவோமே, அந்தப் பழக்கம்தான். அவளுக்கு வந்த கோபத்தில் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தானே கழுவினாள்.

பிறகு, உள்ளே போக பாஸ்வேர்டோடு போனுக்கு வருகிற இலக்கமும் வேண்டும் என்று வைத்தாள். லேபல் ஒட்டும் பகுதிக்குப் பொறுப்பான யோகம்மா காலையில் வேலை தொடங்கும்போதெல்லாம் சுவிஸில் இருக்கும் மகனுக்குப் போன் எடுப்பார். மகன் நித்திரைக் கலக்கத்தில் ஏதோ இலக்கம் சொல்வான். என்ன விஷயமென்று பார்த்தால், யோகம்மா பதியக் கொடுத்தது மகனுடைய போன் இலக்கம். அதுதான் அவருக்கு மனப்பாடமாம். பவதாரணி அதையும் திருத்தினாள். மகன் சுவிஸிலிருந்து எடுத்து அவளுக்கு நன்றி சொன்னான்.

சரி, இவ்வளவு கண்டிப்பானவளை ஊர் வெறுத்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. ‘கொம்பனிப் பெட்டிக்குள் வைத்தால் ஒருத்தரும் பார்க்கேலாது’ என்று எல்லாரும் அவளை மனதார நம்பிவிட்டார்கள். நம்பி, அவரவர் காணி உறுதிப் பத்திரம், பாஸ்போட், மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படம் எல்லாவற்றையும் மிளகாய்த்தூள் அறிக்கைகளுக்கு நடுவே கொண்டுவந்து ஏற்றினார்கள். முக்கியமாகக் குறிப்பு. கலியாணத்துக்குப் பார்க்கிற சாதகக் குறிப்பைத்தான் நாங்கள் குறிப்பு என்போம்.

பொதியிடும் கூடத்தின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் சிவபாதம் அண்ணை. அவருடைய மகள் நிலாந்திக்குப் போன வருடம் மாப்பிள்ளை பார்த்தபோது, தரகரிடம் கொடுத்த குறிப்பு வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி ரொறன்ரோவரை போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு மாமி அங்கேயிருந்து போன் எடுத்து, செவ்வாய் சரியில்லை என்று சொன்னார். அந்த அவமானம் அவருக்கு மறக்கவில்லை. ஆகவே இந்த முறை நெடுந்தீவில் ஒரு சம்பந்தம் பேசி வந்தபோது, குறிப்பைக் கொம்பனிப் பெட்டிக்குள் வைத்து, மாப்பிள்ளையின் தகப்பன் இராசநாயகத்தாருக்கு மட்டும் லிங்க் அனுப்பினார்.

இந்தச் சம்பந்தத்தில் எனக்கும் ஓர் அக்கறை உண்டு. மாப்பிள்ளை சஞ்சீவன் நெடுந்தீவில் மின்சார சபையில் வேலை. யாழ்ப்பாணம் போக லோஞ்சால் வந்து இறங்குவான். கூடத்துப் பொதிகளை ஏற்றிவிட நிலாந்தி இறங்குதுறைக்கு வரும் நாட்களில் மட்டும் அவனுக்கு பஸ் தவறிவிடும். பஸ் கண் முன்னால் நிற்கும், சாரதி ஹோர்ன் அடிப்பார், இவன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பான். எத்தனையோ கதையை ஊரெல்லாம் விற்ற நான் இந்தக் கதையை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. தரகரைப் பிடித்து, தரகர் தானே கண்டெடுத்த சம்பந்தம்போல இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோக வைத்ததும் அவர்கள்தான். குறிப்புப் பார்த்து ஓமென்றால் எல்லாம் சுபம் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொம்பனியிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, உங்கள் கோப்புகளை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று பார்க்க ஆள் வருகிறது என்றது. பவதாரணி வெளியாருக்குப் போன லிங்க் எல்லாவற்றையும் ஒரே நாளில் மூட முடிவு செய்தாள். சும்மா மூடவில்லை. எல்லாருக்கும் எழுதினாள், ஒருவரும் வாசிக்கவில்லை. கூடத்துச் சுவரிலும் தமிழில் அறிவித்தல் ஒட்டினாள். யோகம்மா அதன்மேல் கோயில் திருவிழா நோட்டீசை ஒட்டிவிட்டார். இடம் அங்கேதான் இருந்ததாம்.

மூடிய அன்றைக்கு நெடுந்தீவில் நல்ல நாள். இராசநாயகத்தார் குளித்து, திருநீறு பூசி, சாத்திரியாரைப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டு லிங்க்கை விரலால் அமத்தியிருக்கிறார். போனில் வந்தது இதுதான்: ‘உரிமையாளர் சிவபாதம் இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி தரவில்லை.’ ஆங்கிலத்தில் வந்திருந்தால் ஏதோ கோளாறென்று விட்டிருப்பார். கூடத்து ஆட்களுக்கு விளங்கட்டுமென்று அந்த வசனத்தைத் தமிழில் எழுதி வைத்தவளே என் மனைவிதான்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் வேண்டாமென்றால் யாரும் வேண்டாமென்று சொல்வதில்லை. ‘குறிப்புப் பொருந்தேல்லை’ என்போம், எல்லாருக்கும் விளங்கும், கோயிலில் கண்டால் சிரித்துக்கொள்ளலாம். குறிப்பையே காட்டாமல், அதுவும் சாத்திரியாருக்கு முன்னால், பெயர் போட்டு மறுப்பதென்றால்? இராசநாயகத்தார் தரகரிடம், சிவபாதத்தாருக்குத் தன் வீடு குறைவென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றார். அதைக் கேட்ட சிவபாதம் அண்ணை, அனுப்பிய குறிப்பை அனுப்பவில்லை என்பவர்கள் நாளைக்கு எதைத்தான் சொல்லமாட்டார்கள் என்றார். தரகர் இரண்டையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எனக்கு இது தெரியவந்தது நிலாந்தியால். பொதிகளை ஏற்றிவிட்டு என் ஓட்டோவில் ஏறியவள் மடத்துவெளிவரை அழுதாள். “லவன் அண்ணை, அப்பா இனி அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதாம்,” என்றாள். “மாப்பிளை பகுதியும் வேறை இடத்திலை பாக்கப்போகினமாம். அவர் என்ன செய்வார் பாவம்.” எனக்கு ஓட்டோ ஓடவே மனமில்லை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் பவதாரணியிடம் சொன்னேன். “இஞ்சாரும், நீர் ஒருக்கால் அந்த லிங்க்கைத் திறந்து விடுமன். ஒரு நிமிசத்து வேலை.”

“எந்த லிங்க்?” என்றாள்.

“சிவபாதம் அண்ணையின்ரை. நிலாந்தியின்ரை குறிப்பு.”

“அப்பிடி ஒண்டு இருக்கெண்டு நான் சொன்னனானோ?”

“நீர் சொல்லேல்லை. ஊர் சொல்லுது.”

“அப்ப ஊரைத் திறக்கச் சொல்லுங்கோ,” என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. ஒரு பெட்டையின் வாழ்க்கை. இவளுக்கு விதி பெரிதாகப் போய்விட்டது. சாப்பிடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். அவளோ மீன்குழம்பில் தலையை எனக்கு வைத்துவிட்டு எழும்பிப் போய், ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தாள். பெரிய முதலாளியிடம்தான். வேலையாட்களின் சொந்தப் பத்திரங்களைக் கொம்பனிக் கோப்புகளிலிருந்து பிரித்து, அவரவர் விரும்பியவருக்குக் காட்ட ஆளுக்கொரு சின்ன இடம் தனியாகக் கொடுக்கலாமா, அதே காவல் அதற்கும் இருக்கும் என்று கேட்டாள். பொதிப் பெட்டி வாங்கவே மூன்று தரம் யோசிக்கிற மனிதர் உடனே ஓமென்றார். “என்ன, உடனை ஓமெண்டிட்டார்?” என்று கேட்டேன். சிரித்தாள். முதலாளிக்கும் கலியாண வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். அதற்குமேல் நான் ஊகிக்கத்தான் முடியும்.

அடுத்த நாள் சிவபாதம் அண்ணை வீட்டுக்குப் போய் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தாள். என்ன கதைத்தாளோ. வந்து, “நாளைக்கு நெடுந்தீவுக்குப் போறன், வாறீங்களோ?” என்றாள். ஓட்டோவை யோகம்மாவின் மருமகனிடம் கொடுத்துவிட்டு லோஞ்சில் ஏறினேன்.

இராசநாயகத்தார் வேம்புக்குக் கீழே கதிரையில் இருந்தார். “வாங்கோ,” என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய மனைவி மீனலோசனி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். சஞ்சீவன் அன்று விடுமுறைபோல. கல்வேலி ஓரமாக நின்று, ஏற்கனவே இறுக்கமாக இருந்த ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

பவதாரணி சுற்றிவளைக்கவில்லை. “ஐயா, அண்டைக்கு உங்களை மறிச்சது சிவபாதம் அண்ணை இல்லை. பூட்டினது நான். அவருக்கே தெரியாது.”

“எனக்கு வாசிக்கத் தெரியும் பிள்ளை. உரிமையாளர் சிவபாதம் எண்டு வடிவாத் தமிழிலை போட்டிருந்தது. சாத்திரியாரும் வாசிச்சவர்.”

“அந்தத் தமிழை எழுதினதும் நான்தான்.”

அவர் நம்பவில்லை. ஒரு மனிதர் சொல்லாமல் மெசின் எப்படி ஒரு மனிதரின் பெயரில் மறுக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பவதாரணி தன் போனை எடுத்து ஏதோ தட்டினாள். அவருடைய போனில் சத்தம் கேட்டது. “அதை அமத்துங்கோ ஐயா,” என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமத்தி, உரத்து வாசித்தார். ‘உரிமையாளர் பவதாரணி இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி தரவில்லை.’

“இப்ப நான் உங்களை வேண்டாமெண்டனானோ?” என்றாள் பவதாரணி. “உங்கடை வீட்டிலை இருந்து உங்கடை தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டிருக்கிறன்.”

அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். முதலில் மீனலோசனி அக்காதான் சிரித்தார். பிறகு அவருக்கும் வயிறு குலுங்கியது. “சரி பிள்ளை. நடந்தது நடந்துபோச்சு. திறந்து விடும், பாப்பம்.”

வேலை முடிந்ததென்று நான் கதிரையில் சாய்ந்தேன்.

“ஏலாது ஐயா,” என்றாள் என் மனைவி.

எனக்குத் தேத்தண்ணி புரையேறியது. அவள் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். வெளியார் ஒரு கோப்பைப் பார்ப்பதென்றால் அந்த மறுப்புக்குக் கீழேயே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் தான் யார், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று எழுத வேண்டும். அது உரிமையாளருக்கும் அவளுக்கும் போகும். உரிமையாளர் ஓமென்றால், கேட்டவருக்கு மட்டும் திறக்கும்.

“அது நீர் வச்ச சட்டம்தானே. நீர் மாத்தலாம்தானே?”

“மாத்தலாம். மாத்தினால், நாளைக்கு உங்கடை வீட்டுக் குறிப்பைப் பாக்கோணுமெண்டு ஆரும் வந்து நிண்டாலும் மாத்தோணும்.”

இராசநாயகத்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாங்கள் மாப்பிளை பகுதி,” என்றார் கடைசியில். “நாங்கள் கேட்டு எழுதுறதோ? இந்த வீட்டிலை அப்பிடி ஒரு பழக்கமில்லை.” போனைக் குப்புற வைத்தார். சஞ்சீவனின் கையில் கம்பி அறுந்தது.

திரும்பி வரும்போது லோஞ்சில் நான் அவளைப் பேசாத பேச்சில்லை. வாசல்வரை வந்த சந்தோசத்தைக் கதவைச் சாத்தி அனுப்பிவிட்டாள் என்றேன். உமக்கு மனிதரைவிட மெசின் பெரிது என்றேன். அவள் கச்சான் கடலையை உடைத்து உடைத்துச் சாப்பிட்டாள். லோஞ்சு குறிகட்டுவானில் அணைகிற நேரத்தில், “கேக்காமல் எப்பிடித் தாறது?” என்றாள். அவ்வளவுதான். கண் சிவந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். கடற்காற்றென்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுக்க நான் ஓட்டோவோடேயே கிடந்தேன். வெளிநாட்டு நிறுவனத்து ஆட்கள் வந்து, மேசை மேசையாகக் கேள்வி கேட்டு, திருப்தியாகப் போனார்கள். கூடத்தில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். நிலாந்தி தன்னுடையதை யோகம்மாவிடம் நீட்டிவிட்டு வந்தாளாம். சஞ்சீவனுக்கு அந்தக் கிழமை பஸ் தவறவில்லை. நேராக ஏறிப் போனான். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பவதாரணியோ வழக்கம்போலக் காலையில் எழும்பி, இரவில் யார் யார் எந்த ஊரிலிருந்து உள்ளே வந்தார்கள் என்ற பதிவைப் பார்த்து, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் தோசை சுட்டாள்.

வெள்ளிக்கிழமை நெடுந்தீவு லோஞ்சில் இருந்து இராசநாயகத்தார் பட்டு வேட்டியோடு இறங்கினார். பின்னால் மீனலோசனி அக்கா கூறைச்சேலை அளவுக்கு ஒரு சேலை உடுத்து, கையில் வாழைப்பழச் சீப்பும் வெற்றிலையும். அதற்குப் பின்னால் சஞ்சீவன், புதுச் சப்பாத்து. எனக்கு மூக்கில் மட்டுமல்ல, உடம்பு முழுக்க வியர்த்தது.

“மடத்துவெளிக்கு விடும் தம்பி,” என்றார் இராசநாயகத்தார். “சிவபாதத்தார் வீட்டுக்கு.”

ஊரில் இதை முதலில் அறிந்தவன் நான் என்ற பெருமையோடு ஓட்டோவைப் பறக்கவிட்டேன். இறக்கிவிட்டு உடனே வீட்டுக்கு ஓடி, பவதாரணியிடம் மூச்சு வாங்கச் சொல்லி, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். சிவபாதம் அண்ணை வீட்டுக் கேற்றடியில் திரும்பியபோது முற்றம் கூட்டி, தண்ணீர் தெளித்து, நிறைகுடம் வைத்திருந்தது. குசினிப் பக்கமிருந்து வடை வாசம். சேலை உடுத்து, தலையில் பூ வைத்து, வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவள் என் மனைவி.

குசினிக்குள் இழுத்துப் போய்க் கேட்டேன். “எப்ப தெரியும் உமக்கு?”

“செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமை துவக்கம் என்னோடை ஒரே வீட்டிலை இருந்துகொண்டு…”

“எழுதினது சிவபாதம் அண்ணைக்கு,” என்றாள். “உங்களுக்கில்லை.” வடைத்தட்டை என் கையில் தந்தாள்.

நான் அதைக் கொண்டுபோய் நடு அறையில் வைத்தேன். வெற்றிலை மாறியாகிவிட்டது. சிவபாதம் அண்ணை இரண்டு கையாலும் இராசநாயகத்தாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தரகர் ஒரு மூலையில், தான் இல்லாமல் எப்படி நடந்ததென்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்னதான் எழுதினீர்கள் என்று இராசநாயகத்தாரையே கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை. போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, எல்லாரும் கேட்க வாசித்தார்.

“‘காரணம்: பிள்ளையள் ரெண்டும் விரும்பினம். பொடியன் பஸ்ஸைத் தவறவிடுற நாளிலை இருந்து எங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் விருப்பம். தயவுசெய்து திறந்து விடுங்கோ.’ ரெண்டு நாள் எடுத்தது தம்பி இதை எழுத. அழிச்சு அழிச்சு எழுதினனான்.”

நிலாந்தி முகத்தை மூடிக்கொண்டாள். சிவபாதம் அண்ணை, தான் அதை வாசித்த உடனேயே ஓமென்று அமத்தியதாகச் சொன்னார்.

“அப்ப பொருத்தம் எப்பிடி ஐயா?” என்று தரகர் கேட்டார். “எத்தினை பொருத்தம் வந்தது?”

இராசநாயகத்தார் ஒரு வடையை எடுத்துப் பிய்த்தார். “ஆர் பாத்தது?” என்றார். “கேட்டன், தந்தார். பிறகென்னத்துக்கு அதைத் திறக்கோணும்?”

நான் திரும்பிப் பவதாரணியைப் பார்த்தேன். குறிப்பைத் திறந்தால் அவளுடைய பதிவில் விழும், திறக்காவிட்டால் விழாது. கேட்டதும் கொடுத்ததும் அதில் இருக்கும், பார்த்தது இருக்காது. செவ்வாய்க்கிழமை தொடக்கம் ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தோசை சுட்டிருக்கிறாள். கோபம் வரப் பார்த்தது. வரவில்லை. அவள் தேத்தண்ணித் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல, யாருக்குச் சீனி போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் லோஞ்சில் கண்டதுபோலச் சிவந்திருந்தது.